முன்மொழிந்து, வழிமொழிந்து, ஓர் அடிதடி

எங்கள் சங்கத்தில் ஒருத்தனை அடிக்க வேண்டும் என்றால்கூட முதலில் ஒருவர் முன்மொழிய வேண்டும், பிறகு ஒருவர் வழிமொழிய வேண்டும். அதற்கப்புறம்தான் கை நீட்டலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடி வாங்கினவன் என் கூடப் பிறந்த தம்பி.

நான் லாரி ஓட்டினவன். படிப்பு கம்மி. மைல்கல்லில் இருக்கிற ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அந்த ஊரே வந்துவிடும், அந்த அளவு. யாரையும் லேசில் நம்ப மாட்டேன். எதிரே வருகிறவன் லைட்டைத் தாழ்த்துவான் என்று நம்பி ஓட்டினவர்கள் யாரும் இப்போது கதை சொல்ல உயிரோடு இல்லை.

இப்படிப்பட்ட நான் எங்கள் நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தில் நிரந்தர வழிமொழிபவனாக இருந்தேன். மாதம் ஒரு கூட்டம். பூங்காவை ஒட்டித் தகரக் கூரை போட்ட சங்கக் கூடம். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, தீர்மானம், நன்றியுரை, டீ. தெருவிளக்கில் ஒரு பல்பு மாற்றவும் இதே வரிசைதான். எனக்குக் காது மந்தம் என்பதால் முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். செயலாளர் ஒருநாள் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"டிரைவர் ஐயா, நான் உங்களைப் பார்த்துக் கையத் தூக்குவேன். நீங்க 'வழிமொழிகிறேன்'னு சத்தமா சொன்னாப் போதும்."

"அப்படின்னா என்ன?"

"முன்னாடி ஒருத்தர் சொன்னதுக்குப் பின்னாடி நீங்க நிக்கறீங்கன்னு அர்த்தம்."

"அவரு என்ன சொன்னாருன்னு நான் கேக்க வேணாமா?"

"அதெல்லாம் எங்க வேலை. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

பின்னால் நிற்கிற வேலை என்னவென்று எனக்குத் தெரியும். என் தம்பி ஆயுசு முழுக்க அதைத்தான் செய்தான். என் லாரிக்கு அவன்தான் கிளீனர். நான் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று, வண்டியின் தகரத்தில் தட்டுவான். ஒரு தட்டு என்றால் நிறுத்து. ரெண்டு தட்டு என்றால் போ. கூடவே தொண்டை கிழியக் கத்துவான்: "வரலாம்... வரலாம்... ஹோல்டான்!" அவன் தட்டாமல் நான் ஓரடிகூடப் பின்னால் போனதில்லை. அவன் பார்த்துவிட்டுத் தட்டுவான். நான் பார்க்காமல் வழிமொழிந்தேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்தப் பகுதியில் சேர்க்கை மையம் ஒன்று திறக்க இடம் வேண்டும் என்று.

சேர்க்கை என்ற வார்த்தையைக் கேட்டதும் கூடத்தில் பெண்களெல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். எங்கள் நகரில் பள்ளிக்கூடச் சேர்க்கை என்பது சின்ன விஷயம் இல்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே வாசலில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்கள். தலைவர் மைக்கைப் பிடித்தார். வரித்துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். மூச்சு விடாமல் பேசுவார்.

"இதுவரை நாம் வரிசையைத் தேடிப் போனோம். இனி வரிசை நம் வாசலைத் தேடி வருகிறது. யாருடைய சேர்க்கை, எந்தப் பள்ளிச் சேர்க்கை என்றெல்லாம் கேள்வி கேட்டு இந்த வாய்ப்பைப் பக்கத்து நகருக்கு விட்டுவிடக் கூடாது. கேள்வி கேட்காமல் கொடுப்பதுதான் பெருந்தன்மை."

கேள்வி கேட்காமல் சங்கக் கூடத்தையே எழுதிக் கொடுத்தார்கள். செயலாளர் கையைத் தூக்கினார். நான் வழிமொழிந்தேன்.

திறப்பு விழா அன்று விடிகாலையிலேயே வரிசை. பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்து வாரி, புது ஷூ மாட்டி, கழுத்தில் தண்ணீர் பாட்டில் தொங்கவிட்டு, சட்டையில் பேர் எழுதின அட்டையைக் குத்தி இருந்தார்கள். நகராட்சி அதிகாரி வந்தார். ஒல்லியான மனுஷன், பெரிய கண்ணாடி. கயிற்றை இழுத்தார். பலகையை மூடியிருந்த துணி விழுந்தது.

'வீடற்றோர் சேர்க்கை மையம்.'

நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் எல்லாரும் படித்துவிட்டார்கள். கூட்டம் அப்படியே நின்றது. ஒரு அம்மா மட்டும் நம்பிக்கை விடாமல் கேட்டாள்.

"சார், வீடற்றோர்னா... ஹாஸ்டல் பிள்ளைங்களா?"

"இல்லம்மா. வீடு இல்லாதவங்க. தெருவுல படுக்கறவங்க இங்க வந்து பேர் கொடுப்பாங்க. பரிசோதனை பண்ணி, குளிக்க வச்சு, கட்டில் ஒதுக்குவோம்."

"லெட்டர்ல அப்படிப் போடலியே?" என்று கத்தினார் தலைவர்.

அதிகாரி கண்ணாடியைச் சரி செய்துகொண்டு விளக்கம் கொடுத்தார். "ஐயா, 'வீடற்றோர்' என்ற சொல்லைக் கடிதத்தில் போட்டால் எந்தப் பகுதி மக்களும் இடம் கொடுப்பதில்லை. ஆகவே வெளிப்படைத்தன்மையை முன்னிட்டு அந்தச் சொல்லை நீக்கிவிட்டோம்."

முதல் தண்ணீர் பாட்டில் அப்போதுதான் பறந்தது. ஸ்டீல் பாட்டில், நிறையத் தண்ணீர். அவர் நெற்றி பிளந்தது. அடுத்தது டிபன் பாக்ஸ். ஹாஸ்டலா என்று கேட்ட அம்மா அவர் கண்ணாடியைப் பிடுங்கித் தரையில் போட்டு, பிள்ளையின் புது ஷூவைக் கழற்றி அதன் மேல் அடித்தாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். அதிகாரி ரத்தத்தை வாசலில் கட்டியிருந்த ரிப்பனால் துடைத்துக்கொண்டே ஜீப்பில் ஏறி, "ஞாயிற்றுக்கிழமை பதிவு ஆரம்பம்" என்று சொல்லிவிட்டுப் போனார். கடமையில் கெட்டி.

எல்லாரும் கொதித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் ஒரு வார்த்தைதான் காதில் நின்றது. கட்டில்.

என் தம்பி மெயின்ரோட்டில் பூட்டிக் கிடக்கிற சைக்கிள் கடை ஷட்டர் முன்னால் படுத்திருந்தான். முன்பெல்லாம் என் வீட்டில்தான் இருந்தான். ஒருநாள் லாரியின் பின்கதவு கொக்கி விட்டு அவன் இடது பாதத்தில் விழுந்தது. அதோடு வேலை போச்சு. அப்புறம் நான் வீட்டைப் பையன் பேரில் எழுதினேன். மை காய்வதற்குள் பையன் சொன்னான், சித்தப்பா இருமுவது குழந்தைக்கு ஆகாது என்று. குழந்தை அப்போது பிறக்கவே இல்லை. தம்பி மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினான். போன மழைக்காலத்தில் ரத்தமாக இருமினான். இன்னொரு மழை இப்படி வெளியே கிடந்தால் ஆளைப் பார்க்க முடியாது என்று அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் என்னிடம் முகத்துக்கு நேரே சொன்னார். மேகம் அப்போதே கூட ஆரம்பித்திருந்தது.

"டேய், கட்டில் தர்றாங்களாம்."

"எவன் தர்றான்?"

"நகராட்சி."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"அப்ப அதுக்கு நாலு காலும் இருக்காது. பாத்துட்டு வா." எங்கள் குடும்பமே இப்படித்தான்.

"கூரை இருக்குடா. எங்க சங்கக் கூடம்தான். நானே வழிமொழிஞ்சிருக்கேன்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "அண்ணே, ரிவர்ஸ் எடுக்கறப்பவே நீ பின்னாடி திரும்பிப் பாக்க மாட்ட. அப்ப நான் இருந்தேன். இப்ப உனக்கு யாரு பாத்துச் சொல்றா?"

அவசரக் கூட்டம் தெருவிலேயே நடந்தது. கூடத்தைத்தான் கொடுத்தாயிற்றே. பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். வரவேற்புரை முடிந்தது. தலைவர் எழுந்தார்.

"நாம் ஏழைகளுக்கு எதிரி இல்லை. ஏழைகள் இங்கே வருவதற்குத்தான் எதிரி. என் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கே வீடு கிடையாது. அவளை நான் ஒருநாளும் குறைவாக நடத்தியதில்லை. வேலை முடிந்ததும் மரியாதையாக வெளியே அனுப்பிவிடுகிறேன். வீடற்றவர் என்றால் யார்? தன் பெயரில் வீடு இல்லாதவர். தன் பெயரில் வீடு இல்லாதவனுக்கு இழக்க ஒன்றுமில்லை. இழக்க ஒன்றுமில்லாதவன் எதையும் செய்வான். அப்படிப்பட்டவர்கள் நம் தெருவில் நடமாடலாமா?"

"கூடாது!" என்று கத்தினார்கள். முன்வரிசையில் இருந்த கிழடுகள் மட்டும் கத்தவில்லை. எங்களில் யார் பேரிலும் வீடு இல்லை. எல்லாரும் எழுதிக் கொடுத்தவர்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"ஞாயிற்றுக்கிழமை அறவழியில் நம் எதிர்ப்பைத் தெரிவிப்பது" என்று தீர்மானம் வந்தது. செயலாளர் கையைத் தூக்கினார். அறவழிதானே, நாலு கோஷம் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள், தம்பி உள்ளே போய்விடுவான் என்று கணக்குப் போட்டு, வழிமொழிந்தேன்.

அதற்கப்புறம் செயலாளர் விதிமுறையை வாசித்தார். கல் உள்ளங்கையில் அடங்குகிற அளவில் இருக்க வேண்டும். அறுபது தாண்டியவர்கள் ஜல்லி போட்டால் போதும். சொந்த வீட்டுக் கண்ணாடி இருக்கிற திசையில் எறியக் கூடாது. எங்கள் தெருப் பல் டாக்டர் எழுந்து ஆலோசனை சொன்னார்: "கன்னத்துல பட்டா வெறும் வீக்கம். வாயைப் பாத்து எறியணும். நம்ம ஆளுங்க யாருக்காவது தவறிப் பட்டுட்டா, என் கிளினிக்ல சலுகை உண்டு."

நான் எழுந்தேன். "இதுல கல்லு எங்கேர்ந்து வந்துச்சு?"

"நீங்கதானே வழிமொழிஞ்சீங்க, டிரைவர் ஐயா."

"நான் அறவழின்னுல்ல நெனச்சேன்?"

"அறவழிதான். கல்லு அதுக்கு இணைப்பு."

"அப்ப நான் சொன்னதத் திரும்ப வாங்கிக்கறேன்."

"வாங்கிக்கலாம். அதுக்கு ஒரு தீர்மானம் கொண்டு வரணும். அடுத்த மாசக் கூட்டத்துல. முன்மொழிய ஒரு ஆளு கூட்டிட்டு வாங்க."

நேரே தம்பியிடம் போய், ஞாயிற்றுக்கிழமை வராதே, கல்லெறியப் போகிறார்கள் என்று சொன்னேன். அவன் சவரம் செய்து முகத்தைக் கழுவி உட்கார்ந்திருந்தான். பரிசோதனை செய்வார்கள் என்று சொன்னேன் இல்லையா, அதற்காக.

"கல்லு படலாம், படாமலும் போகலாம் அண்ணே. மழை அப்படி இல்ல" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பளிச்சென்ற வெயிலில் அது நடந்தது. இந்தப் பக்கம் எங்கள் ஆட்கள், கையில் கல். எதிரே தெருமுனையில் மூட்டையும் முடிச்சுமாக ஒரு கும்பல். நடுவில் மைக். செயலாளர் வரவேற்புரை ஆற்றினார். கல்லெறிய வந்திருக்கும் உறுப்பினர்களை வருக வருக என்றவர், பழக்க தோஷத்தில், "நம் அழைப்பை ஏற்று வருகை தந்திருக்கும் வீடற்றோர் பெருமக்களையும்" என்று அவர்களையும் வரவேற்றுவிட்டார். அவர்கள் பாவம், அதை நம்பி முன்னால் வந்தார்கள்.

முதல் கல் ஒரு பொம்பளையின் காதில் பட்டது. காது கிழிந்து தொங்கியது. அவள் அலறவில்லை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, கிழிந்ததைக் கையால் பிடித்து இடத்தில் ஒட்ட வைத்துப் பார்த்தாள். ஒரு கிழவர் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். சட்டியில் கல் விழுந்த சத்தம் எங்கள் ஆட்களுக்குப் பிடித்துப்போய் எல்லாரும் அவரையே குறி வைத்தார்கள். சட்டி நசுங்கித் தலையோடு மாட்டிக்கொண்டது. பல் டாக்டர் குறி பார்த்து எறிந்தார். என் தம்பியின் முன்பல் ரெண்டும் அவர் சொன்ன மாதிரியே விழுந்தன. தொழில் தெரிந்தவர்.

தம்பி நிற்கவில்லை. ஊனக் காலை இழுத்துக்கொண்டு, வாயில் ரத்தம் வழிய, கல்லுக்கு நடுவே நடந்து வந்து கூடத்தின் படியேறிக் கதவுப் பிடியைப் பிடித்துவிட்டான்.

"நிறுத்துங்க!" என்றார் தலைவர். எல்லாரும் கையை இறக்கினார்கள். எனக்கு ஒரு நிமிஷம் அந்த ஆள் மேல் மரியாதையே வந்துவிட்டது.

"நம் தீர்மானம் தெருவில் நிற்பவர்களுக்குத்தான் பொருந்தும். இவர் படியில் நிற்கிறார். படி சங்கத்தின் சொத்து. அதற்குத் தனித் தீர்மானம் வேண்டும். சட்டத்தை மீற நான் அனுமதிக்க மாட்டேன்."

பல் டாக்டர் முன்மொழிந்தார்: "படியில் ஏறியவரைக் கையாலும் காலாலும் அகற்றுவது."

செயலாளர் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

"டிரைவர் ஐயா, மைக் ஆன்லதான் இருக்கு. சொல்லுங்க."

"முடியாது."

"என்ன முடியாது? ஒரு வார்த்தைதானே?"

"அவன் என் தம்பிடா!"

கூட்டம் அசையவில்லை. கையில் கல்லோடு, வெயிலில், அத்தனை பேரும் ஒருத்தன் சொல்கிற வார்த்தைக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். அதைச் சொல்லாமல் அடிக்க அவர்களுக்குத் தெரியவில்லை. அடித்தால் அது ரவுடித்தனம் ஆகிவிடுமே. தம்பி கதவைத் தள்ளிப் பார்த்தான். பூட்டியிருந்தது. அதிகாரி இன்னும் வரவில்லை. நான் வாயை இறுக்கிக்கொண்டேன். இப்படியே சாயங்காலம் வரைக்கும் நிற்கட்டும், நாக்கைக் கடித்துக்கொண்டாவது நிற்கிறேன் என்று நினைத்தேன்.

"வழிமொழிகிறேன்."

பின்வரிசையிலிருந்து. எனக்குக் காது மந்தம்தான். ஆனால் நான் பெற்றவன் குரல் எனக்குத் தெரியாதா?

அப்புறம் அவர்கள் படியில் ஏறினார்கள். தம்பியைக் கதவிலிருந்து பிய்த்து எடுக்க அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பின்னால் மடக்கினார்கள். மிதித்தார்கள். விலா எலும்பு முறிகிற சத்தம் காய்ந்த சுள்ளி மாதிரி இருக்கும், விபத்துகளில் கேட்டிருக்கிறேன். மைக்கில் அது இன்னும் தெளிவாகக் கேட்டது. நான் மைக் கம்பியை அடியோடு தூக்கித் தலைவர் மண்டையில் இறக்கினேன். ஒலிபெருக்கி வீலென்று அலறியது. தலைவரும் அலறினார். ரெண்டில் எது எது என்று தெரியவில்லை. இன்னொரு அடி அடித்தேன், வித்தியாசம் தெரிந்துகொள்ள. அதற்குள் யாரோ என் கையில் உருட்டுக்கட்டையால் போட்டார்கள். எலும்பு சட்டைக்குள்ளேயே ரெண்டாக மடங்கியது. விழுந்தேன்.

தரையில் கிடந்தபடியே நன்றியுரையைக் கேட்டேன். கல் வழங்கியவர்களுக்கும், குடிதண்ணீர் வழங்கியவர்களுக்கும், "இறுதிவரை பொறுமை காத்த வீடற்றோர் பெருமக்களுக்கும்" செயலாளர் நன்றி சொன்னார். பிறகு டீ கொடுத்தார்கள்.

எனக்குக் கைக்கட்டு. தம்பிக்கு மூன்று விலா, நாலு பல், ரெண்டு விரல். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, "வீட்டுல நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். அவன் ஷட்டருக்கே திரும்பினான். சங்கத்திலிருந்து என்னை நீக்கினார்கள். வழிமொழியும் பதவி என் பையனுக்குப் போனது. எப்படியோ, வாரிசுக்குத்தான்.

அப்புறம்தான் வேடிக்கை. நகராட்சி போலீஸ் காவலோடு மையத்தைத் திறக்கப் போவதாக அறிவித்தது. அறிவிப்பைக் கடைசி வரி வரைக்கும் படித்தவர் பல் டாக்டர். அவர் வீட்டில் மாமியார் இருக்கிறார், நடை கிடையாது. அந்த வரி இதுதான்: தன் பெயரில் வீடு இல்லாத, அறுபது தாண்டிய யாரும் சேரலாம். கட்டில், மூன்று வேளைச் சாப்பாடு, வாரம் ஒருமுறை டாக்டர், எல்லாம் இலவசம்.

மறுநாளே அவசரக் கூட்டம். நீக்கப்பட்ட நான் பூங்கா வேலிக்கு வெளியே நின்று கேட்டேன். தலைவர் தலையில் பெரிய கட்டோடு பேசினார்.

"நாம் மையத்தை எதிர்க்கவே இல்லை. தவறான நபர்கள் பயன்பெறுவதைத்தான் எதிர்த்தோம். வெளியிலிருந்து வரும் வீடற்றோருக்கு இங்கே என்ன உரிமை? இந்த நகரில் வீட்டில் வசிக்கும் வீடற்றோருக்கே முன்னுரிமை! நம் பெற்றோரைப் பிரிவது மனதுக்குக் கஷ்டம்தான். ஆனால் இடம் ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் தெரியும். தெரிய வேண்டாம் என்றால் மூடிக்கொள்ளலாம்."

முன்மொழிந்தார்கள். என் பையன் வழிமொழிந்தான். நல்ல குரல் வளம்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் பையன் பேச்சை எடுத்தான். "அப்பா, உங்க பேர்ல வீடு எதுவும் இல்லல்ல?"

"நீதான்டா எழுதி வாங்கின."

"அதில்லப்பா. அங்க கட்டிலெல்லாம் தர்றாங்க..."

"எனக்கு இங்க கட்டில் இருக்கே."

மருமகள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்த ரூம் பாப்பாவுக்குப் படிக்க வேணும் மாமா."

பாப்பா அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது.

சேர்க்கை நாள் அன்று விடிகாலையிலேயே வரிசை. கிழடுகளுக்குத் தலை வாரி, துவைத்த சட்டை மாட்டி, கழுத்தில் தண்ணீர் பாட்டில் தொங்கவிட்டு, பேர் எழுதின அட்டையைச் சட்டையில் குத்தி, கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தார்கள். "உள்ள போனா அழக் கூடாது, சரியா?" என்று பல் டாக்டர் மாமியாரிடம் சொன்னார். தலைவர் தன் தகப்பனாரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். சிபாரிசுக் கடிதம் இல்லாதவர்களே கிடையாது. தம்பியும் வந்திருந்தான். வரிசையில் நின்ற அவனைத் தள்ளித் தள்ளி, கடைசியில் மதில் ஓரத்தில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். மழை பிடித்துவிட்டது. அவன் இருமும்போது விலாவைக் கையால் அணைத்துக்கொண்டான்.

அதிகாரி நெற்றியில் தழும்போடு வெளியே வந்தார். "பொதுமக்களின் எதிர்ப்பையும் பொதுமக்களின் ஆதரவையும் ஒரே கோப்பில் வைத்திருக்கிறோம். ரெண்டிலும் அதே கையெழுத்துதான். கட்டில்கள் குறைவு. டோக்கன் தருகிறேன்."

டோக்கன் என்று சொல்லியிருக்கக் கூடாது.

இந்தத் தடவை யாரும் முன்மொழியவில்லை. தலைவர் பல் டாக்டரைச் சக்கர நாற்காலியால் மோதினார். பல் டாக்டர் தலைவரின் கட்டுப் போட்ட மண்டையிலேயே குத்தினார், தையல் பிரிந்தது. செயலாளர் வரவேற்புரைக்கு வாயைத் திறந்தார். அந்த வாயிலேயே யாரோ தண்ணீர் பாட்டிலைச் செருகினார்கள். ஸ்டீல் பாட்டில்களை வாரோடு சுழற்றி அடித்தார்கள். மாமியார் சேற்றில் விழுந்தார், அவர் மேல் ஏறி நாலு பேர் போனார்கள். போலீஸ்காரர் குடைக்குள் நின்று, ரெண்டு பக்கமும் மரியாதைப்பட்டவர்கள் என்பதால் யாரை அடிப்பது என்று தெரியாமல் தவித்தார். என் பையன் ஒருத்தன் காதைக் கடித்தான். இன்னொருத்தனைக் கீழே தள்ளி முழங்காலால் முகத்தில் இடித்தான். புருவம் பிளந்து ரத்தம் கண்ணை மறைக்க, கடைசி டோக்கனைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். பெற்ற தகப்பனுக்காக ஒரு மகன் இப்படிப் போராடி நான் பார்த்ததில்லை.

"புடிங்கப்பா. கூப்புடுவாங்க, உள்ள போயிடுங்க" என்றான். மருமகள் முந்தானையால் அவன் புருவத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. ரிவர்ஸில் பார்க்காதது எங்கள் ரத்தத்தில் இருக்கிறது.

நான் மதில் ஓரம் போனேன். ஒரு கையால் என் சட்டையிலிருந்த அட்டையைப் பிடுங்கித் தம்பி சட்டையில் குத்தினேன். தண்ணீர் பாட்டிலை அவன் கழுத்தில் மாட்டினேன். டோக்கனை உடையாத விரல்களுக்குள் திணித்தேன். எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. அதிகாரிக்குப் புதுக் கண்ணாடி இன்னும் வரவில்லை.

"அண்ணே, அப்ப நீ?" பல் இல்லாததால் காற்றுதான் வந்தது.

"எனக்கு மழை புதுசுடா. ஒரு சீசன் தாங்கும். உன் ஷட்டர் காலியாத்தானே இருக்கு?"

"வீட்டுக்குப் போயிடு."

"எந்த வீட்டுக்கு?"

டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். கேட்டு வரைக்கும் தாங்கிக் கூட்டிப் போனேன். அதிகாரி தலை நிமிராமல் கேட்டார்.

"இவருக்கு வீடு இல்லைன்னு வழிமொழிய ஒருத்தர் வேணும். இருக்காங்களா?"

"வழிமொழிகிறேன்" என்றேன். என்ன சொல்கிறேன் என்று தெரிந்தே சொன்னேன்.

"நீங்க யாரு இவருக்கு?"

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். எனக்கு என்ன பேரைச் சொல்வது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"கிளீனர் சார்."

அவன் ஊனக் காலை இழுத்துக்கொண்டு உள்ளே ரெண்டு எட்டு வைத்தான். நின்றான். மறுபடி திரும்பிப் பார்த்தான். நல்ல கையால் இரும்புக் கேட்டில் ரெண்டு தட்டுத் தட்டினேன்.

"ரைட்டு, போலாம்!"